அறிவிப்பு போட்டால் பேச்சாளர் வரமாட்டார்: கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களை மாநாட்டில் பேச வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"மாநாட்டில் பேச விருப்பமுள்ளவர்கள் கீழே உள்ள படிவத்தை நிரப்பவும்." இப்படி ஓர் அறிவிப்பைக் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தில் வரும் மென்பொருள்) குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் என்ன நடக்கும் என்று குழு நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். போன வருடம் பேசியவர்களே இந்த வருடமும் நிரப்புவார்கள். நிரலைத் திருத்துபவர், இடைமுகத்தைத் தமிழாக்கம் செய்பவர், வழு (மென்பொருள் பிழை) அறிக்கை எழுதுபவர், புதிதாக வந்தவரின் கேள்விக்கு இரவு 11 மணிக்கும் உட்கார்ந்து பதில் எழுதுபவர், இவர்களும் அந்த அறிவிப்பைப் படிப்பார்கள். ஆனால் அது தங்களுக்கானது என்ற எண்ணமே அவர்களுக்கு வராது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். பொதுவாக அழைப்பதை நிறுத்துங்கள். ஒருவரைப் பார்த்து, அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லி, அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் அந்த உரையின் காணொளி வெளியாகும் வரை அவருடனேயே இருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதன் விரிவுதான்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. பைத்தான் நிரல்மொழிக்கென்று அமெரிக்காவில் நடக்கும் பைகான் மாநாட்டில் 2011-இல் பெண்கள் வழங்கிய உரைகள் 1 சதவீதம். 2012-இல் அது 7 ஆனது, 2013-இல் 15, 2014, 2015 ஆண்டுகளில் 33, 2016-இல் 40. அந்த மாநாட்டின் பன்முகத்தன்மைப் பொறுப்பில் இருந்த ஜெசிகா மெக்கெல்லர் வெளியிட்ட கணக்கு இது. விளம்பரத்தை அழகாக்கியதால் வந்த மாற்றம் இல்லை. ஒவ்வொருவராகத் தேடிப்போய், "நீங்கள் விண்ணப்பியுங்கள்" என்று கேட்டு, முன்மொழிவு (எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று மாநாட்டுக்கு எழுதி அனுப்பும் விண்ணப்பம்) எழுத உதவியதில் வந்தது. அங்கே பெண்களுக்குச் செய்ததை நம் ஊரில் கல்லூரி மாணவர், சிறு நகரத்துப் பங்களிப்பாளர், ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் என எல்லோருக்கும் செய்ய முடியும்.

லினக்ஸ் பயனர் குழு, பைத்தான் குழு, விக்கிமீடியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (எல்லோரும் சேர்ந்து வரையும் கட்டற்ற வரைபடம்), கல்லூரிக் கணினி மன்றம் என்று எதை ஒருங்கிணைப்பவராக இருந்தாலும் இந்த வேலையை மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பாவது தொடங்குங்கள். முன்மொழிவுக்கான கடைசித் தேதிக்கு முந்தைய நாள் ஒருவரைக் கேட்பது அவரை மதிக்காததுபோல் ஆகிவிடும்.

படி 1: யாரைக் கேட்பது?

நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். ஏதாவது ஒன்றைச் செய்து முடித்தவரைத் தேடுங்கள். பேச்சைப் பழக்கிவிடலாம், செய்யாத வேலையைப் பழக்க முடியாது.

திட்டத்தின் கிட் களஞ்சியத்தில் (நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடம்) கடந்த ஒரு வருடத்தில் யாருடைய பெயர்கள் புதிதாக வந்திருக்கின்றன என்று பாருங்கள். வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் யார் அதிகம் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்கள், வரைபடத்தில் தன் ஊர்த் தெருக்களையும் பேருந்து நிறுத்தங்களையும் சேர்ப்பவர்கள், ஆவணம் எழுதுபவர்கள், நிறுவல் விழாவில் பத்து மடிக்கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவர்கள், இவர்கள் எல்லோரிடமும் ஓர் உரை இருக்கிறது. நிரல் எழுதுபவர்களை மட்டும் மேடையேற்றும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அது மாற வேண்டும்.

இன்னொரு நல்ல அடையாளம், குழு அரட்டையில் யாருடைய பதில்கள் நீளமாக வருகின்றன என்பது. "வைஃபை வேலை செய்யவில்லை" என்று ஒருவர் எழுதினால், "எந்தக் கார்டு, எந்தக் கெர்னல், இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், இப்படி வந்தால் அது, அப்படி வந்தால் இது" என்று பொறுமையாக எழுதுபவர் ஏற்கெனவே ஓர் உரையை எழுத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெயர்களைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையை எழுதுங்கள். எழுத எதுவும் வரவில்லை என்றால் அவரை இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: எப்படிக் கேட்பது?

தனியாகக் கேளுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி அழைத்தால் மறுக்கவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல் ஆள் காணாமல் போய்விடுவார்.

செய்தியில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: அவர் செய்தது என்ன, அது யாருக்குப் பயன்படும், எங்கே எவ்வளவு நேரம் பேச வேண்டும், அடுத்து அவர் செய்ய வேண்டிய மிகச் சிறிய வேலை என்ன. ஒரு மாதிரி:

"வணக்கம். அகராதிச் செயலியில் 'கொ', 'போ' மாதிரி எழுத்துகளில் தேடல் தவறுவதை நீங்கள் சரிசெய்ததைப் பார்த்தேன். தமிழில் செயலி எழுதுகிற பலருக்கும் இதே பிரச்சினை வருகிறது, ஏன் என்றுதான் தெரிவதில்லை. அடுத்த மாதம் நம் கூட்டத்தில் இதைப் பற்றி 15 நிமிடம் பேச முடியுமா? தமிழிலேயே பேசலாம். ஸ்லைடு தயாரிக்க நான் கூட இருக்கிறேன். முடியுமா என்று யோசிக்கும் முன் ஒரு அரை மணி நேரம் போனில் பேசுவோம். இந்த முறை முடியாது என்றாலும் ஒன்றும் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழி இருந்தால்தான் ஒப்புதலுக்கும் மதிப்பு.

பெரும்பாலும் பதில் இப்படித்தான் தொடங்கும்:

"அண்ணா, நான் நாலு வரிதான் மாத்தினேன். அதைப் போய் என்ன பேசுறது?"

"அந்த நாலு வரி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆச்சுப்பா?"

"அது... மூணு வாரம் இருக்கும்."

"அந்த மூணு வாரத்தைப் பேசு."

"எனக்கு அவ்வளவு தெரியாது" என்பது எல்லோரும் சொல்வது. அதற்கு "உனக்கு எல்லாம் தெரியும்" என்று பதில் சொல்வது உதவாது. அவருக்கு அது உண்மையில்லை என்று தெரியும். "இதைக் கற்றுக்கொண்டு ஆறு மாதம்தான் ஆகிறது, எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கு அது மறந்துபோயிருக்கும்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. புதிதாக வருபவருக்குப் புரிகிற உரைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வருகின்றன.

தயக்கத்துக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கும், அவற்றை அவர்கள் சட்டென்று சொல்ல மாட்டார்கள். விடுதி எட்டு மணிக்குப் பூட்டிவிடும். வீட்டில் வெளியூர் அனுப்ப யோசிப்பார்கள். வேலை செய்யும் நிறுவனத்தில் வெளி மேடையில் பேச அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ரயில் டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது. கைக்குழந்தை இருக்கும். "வேற ஏதாவது சிக்கல் இருந்தா சொல்லுங்க, பார்த்துக்கலாம்" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வீட்டில் பேச வேண்டும் என்றால் குழுவில் உள்ள ஓர் அக்காவையோ, கல்லூரிப் பேராசிரியரையோ பேசச் சொல்லலாம். நிறுவனத்துக்கு மாநாட்டின் அதிகாரப்பூர்வ அழைப்புக் கடிதம் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். துணைக்கு இன்னொரு தன்னார்வலரையும் சேர்த்து அழைத்துப் போகலாம். இவை நம் கையில் இருப்பவை.

ஒருவர் தெளிவாக "வேண்டாம்" என்று சொன்னால் அதோடு விடுங்கள். மேடை பிடிக்காத நல்ல பங்களிப்பாளர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களிடம் ஒத்திகை கேட்கச் சொல்லுங்கள், முன்மொழிவைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: உரையின் மையத்தைக் கண்டுபிடிப்பது

அந்த அரை மணி நேரப் பேச்சில் நீங்கள் கேட்க மட்டும் செய்யுங்கள், குறிப்பெடுங்கள். எதைச் செய்யப் போய் இது ஆரம்பித்தது? முதலில் என்ன நினைத்தீர்கள்? எது எதிர்பாராதது? யார் உதவினார்கள்? இன்னும் தீராதது எது? இந்த ஐந்து கேள்விகளுக்கு வரும் பதிலே உரையின் எலும்புக்கூடு.

மேலே சொன்ன அகராதிச் செயலி எடுத்துக்காட்டையே பார்ப்போம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் தரும் பொதுத் தரம்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நிரலுக்கு அவை வெவ்வேறு சரங்கள், அதாவது வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். பயனர் ஒரு விதமாகத் தட்டி, தரவுத்தளத்தில் இன்னொரு விதமாக இருந்தால், கண்முன்னே இருக்கிற சொல்லைத் தேடல் "இல்லை" என்கிறது. யூனிகோடு நார்மலைசேஷன் என்ற ஒரு படியைத் தேடலுக்கு முன் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரே வரி.

இதைச் சரிசெய்த தம்பியிடம் கேட்டால் அவர் அந்த ஒரு வரியைத்தான் சொல்வார். ஆனால் அவர் முதலில் எழுத்துருவைச் சந்தேகப்பட்டது, பிறகு விசைப்பலகையை மாற்றிப் பார்த்தது, கடைசியில் சரத்தின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தபோது ஒரே சொல்லுக்கு இரண்டு எண்கள் வந்தது, இதெல்லாம்தான் கேட்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். நீங்கள் கேட்டால்தான் வெளியே வரும். வந்ததும், "இதை அப்படியே சொல்லுங்கள், இதுதான் உரை" என்று சொல்லிவிடுங்கள்.

ஓர் உரைக்கு ஒரு விஷயம் போதும். முதல்முறை பேசுபவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் 20 நிமிடத்தில் கொட்டப் பார்ப்பார். வெட்டுவதற்கு அவருக்குத் துணை தேவை.

படி 4: எங்கே தொடங்குவது?

முதல் மேடை சின்னதாக இருக்கட்டும். தமிழில் இதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையவழிச் சந்திப்பு, சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம், மாதந்தோறும் கூடும் சென்னை பைத்தான் குழு, விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு. முகம் தெரிந்தவர்கள் முன் தமிழில் பேசும்போது, பேச்சு தடுமாறினாலும் பயம் இருக்காது. நேரில் வர முடியாதவருக்கு இணையவழிக் கூட்டம் நல்ல தொடக்கம்.

அடுத்தது ஐந்து நிமிட மின்னல் உரை. பைகான் இந்தியா போன்ற மாநாடுகளில் இதற்குத் தனி நேரம் ஒதுக்குவார்கள். பொதுவாக அங்கேயே பெயர் கொடுத்துப் பேசலாம், பல மாதம் முன்பு முன்மொழிவு தேவையில்லை. ஐந்து நிமிடம் முடிந்தால் மணி அடித்துவிடும், அவ்வளவுதான். முதல்முறை பேசுபவருக்கு இது ஒரு வரம்.

அதற்கும் அடுத்து, டெபியன் பங்களிப்பாளர்கள் கூடும் மினி டெப்கான் போன்ற ஒன்றிரண்டு நாள் மாநாடுகள். 2023 ஜனவரியில் மினி டெப்கான் தமிழ்நாடு விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலகளாவிய டெப்கான் கொச்சிக்கு வந்தது. 2000-இல் பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கிய மாநாடு அது. பைகான் இந்தியா 2019-இல் சென்னையிலேயே நடந்தது. மாநாடு பக்கத்து ஊருக்கு வரும் வருடத்தை வீணாக்கக் கூடாது. ஒருவரை முதல்முறை அழைத்துப் போக அதைவிட நல்ல சமயம் கிடையாது.

வெளிநாட்டில் பேச ஆசைப்படுபவருக்கு, பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டி நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவும் தேவையில்லை, நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். ஒவ்வொரு துறைக்கும் தனி அறை, தனி முன்மொழிவு அழைப்பு. அதனால் பொதுவான தலைப்பைவிட நுணுக்கமான தலைப்புக்குத்தான் அங்கே இடம் கிடைக்கும். மொழியாக்கம், எழுத்துரு, உள்ளீட்டு முறை என்று தமிழில் வேலை செய்தவர்களிடம் அப்படிப்பட்ட தலைப்புகள் நிறைய உண்டு.

ஆனால் எல்லோரும் இந்தப் படிக்கட்டின் உச்சிக்குப் போக வேண்டும் என்பதில்லை. தன் ஊர்க் கல்லூரியில் வருடத்துக்கு இரண்டு முறை பேசுகிற ஒருவர் செய்கிற வேலை பெரியது.

படி 5: முன்மொழிவை எழுத உதவுவது

நல்ல உரைகள் பல, இந்த இடத்தில்தான் தொலைந்துபோகின்றன. விஷயம் இருக்கும், சுருக்கம் மொட்டையாக இருக்கும், தேர்வுக்குழு நிராகரித்துவிடும். தன்னார்வலர் தனியாக எழுதி அனுப்பும் முன்மொழிவு அநேகமாக இப்படி இருக்கும்:

"திறமூலத்தில் தமிழ்: ஓர் அறிமுகம். இந்த உரையில் தமிழ்க் கணிமை, யூனிகோடு, அதன் சவால்கள், தீர்வுகள் பற்றிப் பார்ப்போம்."

இதைப் படிக்கும் தேர்வாளருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது. அவர் முன்னால் நூற்றுக்கணக்கில் இருக்கும். இதையே உட்கார்ந்து மாற்றினால்:

"திரையில் இருக்கும் 'கொக்கு' தேடினால் ஏன் கிடைக்கவில்லை? ஒரு கட்டற்ற அகராதிச் செயலியில் சில சொற்களைத் தேடினால் சில போன்களில் கிடைத்தது, சிலவற்றில் கிடைக்கவில்லை. காரணம், 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பது. அந்த வழுவை எப்படித் தேடிப் பிடித்தேன், நார்மலைசேஷன் அதை எப்படித் தீர்த்தது, தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்த சொற்களை என்ன செய்தோம் என்று பைத்தானில் செய்து காட்டுகிறேன். தேடல், அகரவரிசை, எழுத்துப்பிழை திருத்தி என்று தமிழில் எதையாவது எழுதுபவர்களுக்குப் பயன்படும். யூனிகோடு பற்றி முன்னறிவு தேவையில்லை."

தலைப்பிலேயே கேள்வி இருக்கிறது. யாருக்கு, என்ன காட்டப் போகிறார், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் வந்துவிட்டது. சொற்கள் அவருடையவை. நீங்கள் படி மூன்றில் எடுத்த குறிப்புகளிலிருந்து எடுத்து அடுக்கிக் கொடுத்ததுதான் உங்கள் பங்கு. முழுதாக நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மேடையில் அவர் வேறொருவரின் சொற்களைச் சுமந்து நிற்க நேரிடும்.

ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டிய மாநாடு என்றால் முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். விஷயம் தெளிவான பிறகு ஆங்கிலமாக்குவது சின்ன வேலை. நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால் மொழியோடு போராடியே விஷயம் மெலிந்துபோகும்.

படிவத்தில் தேர்வாளர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பகுதி இருந்தால் அதை வெறுமையாக விடக் கூடாது. நிமிட வாரியான திட்டம், களஞ்சியத்தின் இணைப்பு, முன்பு பேசிய சிறு கூட்டத்தின் காணொளி, முதல்முறை பெரிய மேடை என்ற தகவல், எல்லாம் அங்கே போகட்டும். பெயரை மறைத்துப் பரிசீலிக்கும் மாநாடு என்றால் சுருக்கத்தில் பெயரோ, அடையாளமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு குழுவில் ஒரு மாலை எல்லோரும் கூடி முன்மொழிவுகளைப் படித்துத் திருத்தினால் நிறைய வேலை முடிந்துவிடும்.

நிராகரிப்பைப் பற்றி அனுப்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பெரிய மாநாடுகளில் பெரும்பாலான முன்மொழிவுகளுக்கு இடம் இருக்காது. அனுபவசாலிகளுக்கும் இதே கதிதான். பதில் வந்த அன்றே தொடர்புகொண்டு, அதே முன்மொழிவை அடுத்து எங்கே அனுப்பலாம் என்று கையோடு சொல்லுங்கள். முதல் நிராகரிப்புக்குப் பிறகு யாரும் பேசாமல் விட்டால் அவர் இரண்டாவது முறை அனுப்பவே மாட்டார்.

படி 6: பணமும் பயணமும்

இதைப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் ஒரு மாணவர் வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது பல சமயம் இதுதான்.

டெப்கானில் சாப்பாடு, தங்குமிடம், பயணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை கேட்டுப் பதிவின்போதே விண்ணப்பிக்கலாம். லினக்ஸுக்கான திரை இடைமுகங்களை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளையும் கேடிஇ அமைப்பும் தங்கள் பங்களிப்பாளர்களின் மாநாட்டுப் பயணத்துக்கு உதவுகின்றன. விக்கிமீடியாவின் மாநாடான விக்கிமேனியாவுக்கும் உதவித்தொகைகள் உண்டு. இந்த உதவித்தொகைகளின் கடைசித் தேதி, முன்மொழிவின் கடைசித் தேதியிலிருந்து வேறுபடும், சில சமயம் அதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டையும் குழுவின் நாட்காட்டியில் சேர்த்தே குறியுங்கள்.

பல அமைப்புகள் செலவு செய்த பிறகு ரசீதைக் காட்டினால்தான் பணம் தருவார்கள். கையில் பணம் இல்லாத மாணவருக்கு இது உதவியே இல்லாததற்குச் சமம். குழுவில் வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து முன்பணம் கொடுத்து, பணம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு சிறு சுழல் நிதி இருந்தால் இன்னும் நல்லது. ரசீதுகளைப் போகும்போதே போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, 120 நாள் என்ற பழைய கணக்கில் இருக்காதீர்கள். ஐரோப்பிய மாநாடு என்றால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். பாஸ்போர்ட் இல்லாத ஒருவரிடம் "எதற்கும் இப்போதே எடுத்து வையுங்கள்" என்று சொல்வதும் ஊக்கப்படுத்துவதில் சேர்த்திதான்.

படி 7: ஸ்லைடும் ஒத்திகையும்

முதல் ஒத்திகை உங்கள் ஒருவர் முன்னால் நடக்கட்டும், ஸ்லைடு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இடையில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும், "எனக்கு இதுவரை புரிந்தது இது" என்று கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். எங்கே பிசகுகிறது என்று அவரே பிடித்துவிடுவார். இரண்டாவது ஒத்திகை நான்கைந்து பேர் முன்னால், கடிகாரம் வைத்து. அவர்களில் ஒருவராவது இந்த விஷயம் தெரியாதவராக இருக்க வேண்டும்.

கருத்து சொல்வதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் சுற்றில் விஷயத்தைப் பற்றி மட்டும்: எது புரியவில்லை, எது நீளம், எது இன்னும் வேண்டும். இரண்டாவது சுற்றில் ஸ்லைடு. உச்சரிப்பு, ஆங்கில இலக்கணம், கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவராகக் கேட்டால் ஒழிய வேண்டாம். மாநாட்டுக்கு முந்தைய இரண்டு நாட்களில் எந்தத் திருத்தமும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் வரும் "ஒரு சின்ன யோசனை" தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

தமிழ் ஸ்லைடுகளுக்கு என்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. மேடையில் இருக்கும் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, கொம்புகளும் கால்களும் சிதறித் தெரியும். லிப்ரெஆபிஸில் செய்தாலும், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஒன்றையும் எடுத்து வையுங்கள். இன்னொன்று, பல டெர்மினல்கள் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சாளரங்கள்) தமிழைச் சரியாகக் காட்டுவதில்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியோ உடைந்தோ நிற்கும். 'கொ' பற்றிய உரையில் எழுத்து உடைந்து தெரிந்தால் எது வழு, எது டெர்மினலின் கோளாறு என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பமாகிவிடும். அதனால் டெமோவை உலாவியிலோ, தமிழ் ஒழுங்காகத் தெரியும் எடிட்டரிலோ காட்டச் சொல்லுங்கள். எழுத்தளவு பெரிதாக இருக்கட்டும். அறையின் கடைசி வரிசையில் நின்று படித்துப் பாருங்கள்.

நேரலை டெமோ அழகுதான், ஆனால் மாநாட்டு வைஃபையை நம்ப வேண்டாம். எல்லாம் இணையம் இல்லாமல் ஓடும்படி அமைத்து, ஓடுவதைத் திரைப்பதிவாகவும் வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

படி 8: மாநாட்டு நாள்

முந்தைய நாளே அவரை அந்த அறைக்கு அழைத்துப் போங்கள். காலியான அறையில் மேடையில் ஏறி நின்று, மைக்கில் நாலு வார்த்தை பேசி, மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்துப் பார்க்கட்டும். ஹெச்டிஎம்ஐ மாற்றி ஒன்று உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

உரையின்போது அவர் பார்வைக்குப் படும் இடத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்ற அட்டைகளைக் காட்டுவது உங்கள் வேலை. நிகழ்ச்சியை நடத்துபவரிடம் இது முதல் பெரிய மேடை என்று முன்பே சொல்லிவையுங்கள். முதல் கேள்வியைக் குழுவில் ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்தடுத்து வரும். "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசுபவரை மரியாதையாக நிறுத்துவது நடத்துபவரின் பொறுப்பு, பேச்சாளரின் தலையில் அதைக் கட்டக் கூடாது. "எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில்தான் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புகைப்படம், காணொளிப் பதிவு பற்றி அவருடைய சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். குறிப்பாக மாணவிகளுக்குத் தங்கள் முகம் இணையத்தில் நிரந்தரமாக இருப்பது பற்றி வேறு கவலைகள் இருக்கலாம். முகம் இல்லாமல் திரையையும் குரலையும் மட்டும் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாநாட்டுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றனவா, ஏதாவது என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். விதிகளே இல்லாத மாநாட்டுக்குப் புதியவர் ஒருவரை நான் அனுப்ப மாட்டேன்.

படி 9: பேசி முடித்த பிறகு

அன்று மாலையே இரண்டு குறிப்பிட்ட நல்ல விஷயங்களைச் சொல்லுங்கள். "சூப்பரா பேசுனீங்க" என்பது காற்றில் போய்விடும். "நீளம் ஆறு, நீளம் ஏழு என்று ஒரே சொல்லுக்கு இரண்டு எண்களைக் காட்டினீர்களே, அப்போது பக்கத்தில் இருந்தவர் நோட்டை எடுத்தார்" என்று சொன்னால் அடுத்த உரைக்கும் அது உதவும். குறைகளைச் சொல்ல ஒரு வாரம் பொறுங்கள், அதுவும் கேட்டால் மட்டும்.

ஸ்லைடுகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட உதவுங்கள். காணொளி வந்ததும் இணைப்பைத் திட்டத்தின் ஆவணப் பக்கத்தில் சேருங்கள். பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளில் பதில் இல்லாதவற்றைத் திட்டத்தில் புதிய வழுக்களாகப் பதியலாம். உரை கேட்டுவிட்டு "நானும் உதவலாமா" என்று வருபவர்களுக்குக் கொடுக்க எளிதான இரண்டு மூன்று வேலைகளைத் தயாராக வைத்திருங்கள். இல்லாவிட்டால் அந்த ஆர்வம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும்.

ஒருவர் நன்றாகப் பேசிவிட்டார் என்றதும் அடுத்த மாதமே, அதற்கடுத்த மாதமே என்று அவரையே அழைக்கும் சபலம் வரும். வேண்டாம். அவருடைய படிப்பும் வேலையும் பங்களிப்பும் பேச்சுக்கே போய்விடும், நிகழ்ச்சி நிரலும் மறுபடி அதே பெயர்களில் போய் நிற்கும். மூன்று நான்கு மாதம் கழித்து அவரைத் தொடர்புகொண்டு, "நீங்கள் பேச வேண்டாம், இந்தப் பெண் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் ஒன்றியத்து ஊர்ப் பெயர்களையெல்லாம் தமிழில் சேர்த்திருக்கிறார், அவரோடு ஓர் அரை மணி நேரம் போனில் பேச முடியுமா?" என்று கேளுங்கள். முன்மொழிவு எழுதுவதிலிருந்து ஹெச்டிஎம்ஐ மாற்றி வரை எல்லாம் அவருக்கு இப்போது தெரியும்.